சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழில் வளர்ச்சியும் கிராமங்களும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நில எடுப்பு, வேலைவாய்ப்பு, மாசு என்று அதில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. இவை பற்றி இந்த அரங்கில் முன்பே பலர் பேசியிருக்கிறார்கள். அதனால் நான் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். நள்ளிரவில் ஆலையில் ஒரு குழாய் வெடிக்கிறது, அல்லது ஒரு தொட்டி தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கும் மக்களிடம் முதலில் வந்து சேர்வது யார்? எவ்வளவு நேரத்தில்? எந்த வழியாக?

சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தேடிக்கொண்டு போனால் சட்டம், பட்ஜெட், சாதி மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

முதலில் எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயல் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படலம் பரவி, மீனவர்களின் வலையும் படகும் வீணாகிப்போன நேரம் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டி எழுப்பினார்கள். கைக்குழந்தைகளோடும் வயதானவர்களோடும் கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி ஓடினார்கள். 50 பேர் அளவுக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்றிரவு அந்த ஊரைக் காப்பாற்றியது அந்த ஊர்தான். அதன் பிறகு 100 நாட்களுக்கு மேல் அந்த மக்கள் போராடினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் பகுதி. ஸ்டான்லி போன்ற ஒரு பெரிய அரசு மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநகராட்சிக்குள்ளேயே மக்கள் தாமாகவே ஓடித்தான் பிழைக்க வேண்டும் என்றால், மாவட்டத் தலைநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக்காட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஆலை இருக்கும் ஊராட்சியின் கதை என்ன?

இதற்குச் சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. எல்லாம் போபால் பிணங்களின் மீது எழுதப்பட்ட சட்டங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. ஆலைச் சுவரை ஒட்டி வாழ்ந்த ஏழைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டிருந்தால் பலர் பிழைத்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அந்த ஒரு வரியை முன்கூட்டிச் சொல்லி வைக்க ஆள் இல்லை. மருத்துவமனைகளுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து குவிந்தபோது, மருத்துவர்களுக்கும் இது என்ன வாயு, இதற்கு என்ன சிகிச்சை என்ற முழு விவரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமே சேர்த்தார்கள். அதில் 41பி பிரிவு, ஆலையின் ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது. 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. பெரிய அளவில் ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, மதிலுக்கு உள்ளே என்ன செய்வது என்று ஒரு அவசரகாலத் திட்டம் போட வேண்டும். மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்பதற்கு மாவட்ட நிர்வாகம் திட்டம் போட வேண்டும். வெளித்திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடத்த வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களிடம் செய்ய வேண்டியது எது, செய்யக் கூடாதது எது என்று ஆலை நிர்வாகம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 1996 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஒரு உள்ளூர் நெருக்கடிக் குழு வேண்டும், அது மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்றன.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும், 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஆர்.ஆர். வெங்கடாபுரத்துக்குள் புகுந்தது. 12 பேர் செத்தார்கள். ஓடும்போதே தெருவில் மயங்கி விழுந்தவர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலையில் சைரன் இருந்தது, ஆனால் அதை யாரும் ஒலிக்கவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே பதிவு செய்தது. போபாலுக்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பொத்தானை அழுத்த ஆள் இல்லை.

சைரன் ஒலித்தாலும் என்ன ஆகும்? என் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு தொழிற்பேட்டையை ஒட்டிய நான்கு ஊராட்சிகளில் இரண்டு ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறேன். ஊர்ப்பெயர் சொல்லப் போவதில்லை. என்னிடம் பேசியவர்களில் பாதிப்பேர் அந்த ஆலைகளில்தான் காண்டிராக்ட் கூலிகளாக இருக்கிறார்கள். அங்கே காலனியில் ஒரு அக்காவிடம், ஆபத்துச் சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சங்கு ஊதுனா ஷிப்டு மாறுதுன்னு நெனச்சுக்குவோம் தம்பி" என்றார். ஆபத்துச் சங்கு எப்படி ஒலிக்கும், எத்தனை முறை ஒலிக்கும், ஒலித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஆலைக்கு உள்ளே பறக்கிறது. காலனியில் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஆம்புலன்சுக்கும் மருத்துவமனைக்கும் வருவோம். நம் நாட்டில் மருத்துவ வசதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம். தலைகளை எண்ணிப் போடுகிற கணக்கு இது. பக்கத்தில் குளோரின் தொட்டி இருக்கிறதா, அமோனியா குழாய் போகிறதா, பட்டாசு கிடங்கு இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. எண்ணப்படும் தலைகளும் முழுமையாக இல்லை. ஆலை வாசலில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் அந்த ஊராட்சியின் மக்கள்தொகையில் பெரும்பாலும் வருவதே இல்லை.

தலையை மட்டும் எண்ணினால் போதாது என்பது அரசுக்குத் தெரியாத ஒன்றல்ல. மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் இதே கணக்கை 3,000, 20,000, 80,000 என்று தளர்த்தியிருக்கிறார்கள். தூரமும் மேடுபள்ளமும் உயிரைப் பறிக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அப்படித் தளர்த்தினார்கள். அது சரியான முடிவு. மலைக்கு ஒரு கணக்கு உண்டு என்றால், ரசாயன ஆலையின் நிழலில் வாழ்கிறவர்களுக்கும் ஒரு தனிக் கணக்கு வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

தீயணைப்பும் இப்படித்தான். கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், அழைத்த 20 நிமிடத்தில் வண்டி வர வேண்டும் என்பது தீயணைப்புக்கான நிலை ஆலோசனைக் குழு பரிந்துரைத்த அளவுகோல். அதையே நாம் எட்டவில்லை. எட்டினாலும், வைக்கோல் போருக்கும் கூரை வீட்டுக்கும் போட்ட கணக்கு அது. நச்சுவாயு ஒரு தெருவைக் கடக்க 20 நிமிடம் காத்திருக்காது. வருகிற வண்டியில் நச்சுவாயுவுக்கான முகக்கவசமும் மூச்சுக்கருவியும் எத்தனை இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி. அவை இல்லாமல் உள்ளே போகும் தீயணைப்பு வீரரும் ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைதான்.

முறையான மீட்பு வரத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு முதலிப்பட்டி ஒன்று போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் அந்தப் பட்டாசு ஆலை வெடித்தபோது 38 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைப் பார்த்து என்ன ஏதென்று ஓடிவந்தவர்கள், உள்ளே சிக்கியவர்களை இழுத்துப்போடப் போனவர்கள். பக்கத்தில் இருப்பவன்தான் எப்போதும் முதலில் ஓடிவருவான். அவனுக்கு எவ்வளவு தூரம் நெருங்கலாம், எப்போது நெருங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும் அவசர சேவைதான்.

தீக்காயம் பட்டவரை எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது, கடுமையாகக் காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அந்த விபத்தில் 10 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டுக்கே மின்சாரம் தரும் ஒரு பொதுத்துறை நகரத்துக்கே கடைசிப் புகலிடம் சென்னைதான் என்றால், சுற்றியுள்ள கிராமத்துக்கு என்ன இருக்கும்? 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் விபத்து நடந்து நான்கு பேர் இறந்தார்கள். கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடு முழுக்க ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. விபத்து நமக்கு வசதியான நாளைப் பார்த்து வருவதில்லை. அன்றாட நோயாளிகளுக்கே போதாத மருத்துவமனை, விபத்து நாளில் மட்டும் எங்கிருந்து படுக்கை கொண்டுவரும்?

தோழர்களே, இதுவரை நான் பேசியதை ஒரு சுற்றுச்சூழல் கூட்டத்திலும் பேசியிருக்கலாம். இங்கே ஏன் பேசுகிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

இந்தியக் கிராமம் ஒற்றை அலகு அல்ல, தீண்டத்தக்கவர்கள் ஒரு பக்கம், தீண்டப்படாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் இரண்டு குடியிருப்புகள் என்று அண்ணல் அம்பேத்கர் எழுதினார். அவசரகாலத் திட்டம் எழுதும் அதிகாரியின் வரைபடத்தில் கிராமம் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எப்போதும் ஊரின் மேல்தான் இருக்கிறது, சேரியின் மேல் இல்லை.

நான் போகும் காலனிக்கு 108 வண்டி உள்ளே வருவதில்லை. ஓட்டுநர் வர மறுப்பதால் அல்ல. வாய்க்கால் மேல் இருக்கும் சிறு பாலம் வேனின் எடையைத் தாங்காது. அதனால் நோயாளியைக் கயிற்றுக்கட்டிலிலோ பைக்கில் நடுவில் உட்கார வைத்தோ மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போன் செய்யும்போது அடையாளம் கேட்டால் கம்பெனியின் கேட் நம்பரைத்தான் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களின் முகவரி, நேற்று வந்த கம்பெனியின் கேட்டாக மாறிவிட்டது. அந்தக் கேட்டுக்கு வரும் சாலையில் நாற்பது டன் டேங்கர் லாரி திரும்பும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல்லை எடுத்த கையோடு அந்தச் சிறு பாலத்தையும் எடுத்துவிட்டு ஒரு நல்ல பாலம் கட்டச் சொல்வோம்.

மாவட்டத்தின் வெளித்திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முதலில் ரகசியம் என்று பதில் வந்தது. மக்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிற ஒன்று எப்படி ரகசியமாகும்? மேல்முறையீடு செய்த பிறகு சில பக்கங்கள் கிடைத்தன. அதில் இருந்த தொலைபேசி எண்களில் இரண்டு, எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவர்களுடையவை. மக்களை வெளியேற்றித் தங்க வைக்கும் இடம் என்று ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர் இருந்தது. ஊருக்குள் இருக்கும் மண்டபம். காலனிக்காரர்களின் ஒரு கல்யாணம்கூட இன்றுவரை அங்கே நடந்ததில்லை. நடத்த விட்டதில்லை. நள்ளிரவில் மூச்சு முட்ட ஓடிவரும் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தின் கதவு திறக்கும் என்று எந்த நம்பிக்கையில் அதை எழுதினார்கள்?

இது என் கற்பனைப் பயம் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்களிலும், உணவு, தண்ணீர் வழங்கியதிலும் தலித்துகள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. கடல் சாதி பார்க்கவில்லை. கடலுக்குப் பிறகு வந்த சோற்றுப் பொட்டலம் பார்த்தது. நச்சுவாயுவும் பெரியகுப்பத்து மீனவரையும் சேரிக்காரரையும் ஒன்றாகத்தான் திணறடிக்கும். அதனால்தான் இந்தப் போராட்டத்தில் அவர்களும் நாமும் ஒன்றாக நிற்க முடியும், நிற்க வேண்டும்.

இன்னொன்று. 1996 விதிகளின்படி அமையும் உள்ளூர் நெருக்கடிக் குழுவில் 'சமூகத் தலைவர்' அல்லது ஊராட்சித் தலைவர் ஒருவருக்கும், சமூகப் பணியாளர்களுக்கும் இடம் உண்டு. நம் கிராமத்தில் சமூகத் தலைவர் என்று அதிகாரி யாரைக் கூப்பிடுவார் என்று உங்களுக்கே தெரியும். மண்டபத்தின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான்.

இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். ஒன்று, ஆலையிடமே தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் இருக்கிறதே என்பது. இருக்கிறது. விபத்து நேரத்தில் அவை முதலில் மதிலுக்கு உள்ளேதான் ஓடும். அதில் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் வெளியே இருப்பவர்களுக்கு அரசின் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறோம். சில கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கிக்கொடுத்து, கொடியசைத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. டீசலும் ஓட்டுநர் சம்பளமும் யார் கொடுப்பது என்று முடிவாகாத தானம், மழையில் நின்று துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆபத்தைக் கொண்டுவந்தவர் அதற்கான பாதுகாப்புச் செலவை ஏற்பது கடமை. அதைக் கொடை என்று சொல்லி மாலை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு, ஆலையே வேண்டாம் என்கிறீர்களா என்பது. இல்லை. இந்தியாவின் சிறு நிலவுடைமைச் சிக்கலுக்குத் தொழில்மயமாதல்தான் தீர்வு என்று 1918லேயே எழுதியவர் அம்பேத்கர். கிராமத்தின் சாதிப் பிடியிலிருந்து வெளியேற ஆலை வேலை ஒரு வழி என்பதை நம் குடும்பங்கள் அனுபவித்து அறிந்திருக்கின்றன. அதே அம்பேத்கர்தான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, வேலைநேரத்துக்கும் பெண் தொழிலாளர் நலனுக்கும் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார். ஆலை வேண்டும், ஆனால் அதில் வேலை செய்கிறவனும் அதன் பக்கத்தில் வாழ்கிறவனும் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மரபு.

சரி, நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பக்கத்தில் ரசாயன ஆலை, பட்டாசு ஆலை, அனல்மின் நிலையம், எரிவாயுக் கிடங்கு எது இருந்தாலும், அடுத்த கிராம சபையில் ஐந்து விஷயங்களைத் தீர்மானமாகக் கேளுங்கள். வெளித்திட்டத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். இந்த ஆண்டு ஒத்திகையை ஊரின் மைதானத்தில் நடத்திவிட்டுப் போகாமல், காலனித் தெருவில் தொடங்கி நடத்த வேண்டும். ஆம்புலன்ஸ் நுழையும் அளவுக்குப் பாதையும் பாலமும் வேண்டும். தங்குமிடம் அரசுப் பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ இருக்க வேண்டும், அதன் சாவி அரசு ஊழியரிடம் இருக்க வேண்டும். உள்ளூர் நெருக்கடிக் குழுவில் காலனியிலிருந்து ஒருவர், அதுவும் ஒரு பெண், இருக்க வேண்டும். வாயு உள்ளே வரும் நேரத்தில் வீட்டில் பெரும்பாலும் இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும்தான்.

புதிய ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அங்கேயும் போங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அதில் எத்தனை பேருக்கு வேலை என்ற பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் பேரிடர் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அருகிலுள்ள தீக்காயப் பிரிவு எத்தனை கிலோமீட்டர், அங்கே எத்தனை படுக்கை, தீயணைப்பு வண்டி வர எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் பதிவாகும் வரை ஒலிவாங்கியை விடாதீர்கள்.

இந்த அரங்கில் நர்சிங் படிப்பவர்கள், பொறியியல் படிப்பவர்கள், சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரு ஆலையை, அதன் மதிலை ஒட்டிய ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வர ஆகும் நேரத்தை நீங்களே கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். நாம் கலெக்டரிடம் கொண்டுபோகும் மனுவில் அந்த நிமிடக் கணக்கும் இருக்க வேண்டும்.